ஆம்ப்ளிஃபையருக்கு எதற்கய்யா பித்தளைக் கால்?

ஸ்பீக்கர் அதிர்வைக் குறைத்துத் தருகிறேன் என்று ஆடியோ கடைக்காரப் புண்ணியவான் வீட்டுக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார். வயிறு எரிகிறது.

உள்ளே நுழைந்ததும், 'தும் தும்' என்ற கனத்த ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரை விரல் முட்டியால் தட்டினார். 'டொக்' என்றது. கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தட்டினார். காதை வைத்தார். நாடி பார்க்கும் வைத்தியர்கூட இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். பிறகு, "சக்தி உள்ளேயே தங்கிவிடுகிறது சார்" என்று தீர்ப்புச் சொன்னார். வெல்வெட் டப்பாவைத் திறந்தார். உள்ளே பித்தளைக் கூம்புகள். அவற்றை முதலில் எதற்கு அடியில் வைத்தார் தெரியுமா? ஆம்ப்ளிஃபையருக்கு!

ஐயா, அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கிறது. அதிர்வு ஆகாதது பக்கத்தில் இருக்கும் ரெக்கார்டு பிளேயருக்கு. இசைத்தட்டின் நெளிவைத்தான் ஊசி படிக்கிறது. பலகை நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் பாட்டு என்றே படித்துவிடும். ஸ்பீக்கரும் அதே பலகையில் உட்கார்ந்திருந்தால், ஸ்பீக்கர் பலகையை ஆட்ட, பலகை ஊசியை ஆட்ட, ஊசி அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்ப, கடைசியில் ஊளைதான் மிச்சம். இரண்டையும் பிரித்து வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? எப்படிச் சொல்வார், அதற்குப் பில் போட முடியாதே!

சப்வூஃபருக்கும் கூம்புதான். கூர்முனை பெட்டியை ஆடாமல் தரையோடு நிறுத்தும், சரி. அதிர்வு தரைக்கு இறங்காமல் இருக்க மெத்தென்ற ரப்பர் அல்லவா வேண்டும்? பாட்டில் 40 ஹெர்ட்ஸ் பக்கம் கனத்த ஒலி வந்தால் பீரோக் கண்ணாடி முன்பு போலவே கிடுகிடுக்கிறது. கூடுதல் லாபம், டைல்ஸில் நான்கு கீறல். கேட்டால், "புதிதல்லவா சார், 100 மணி நேரம் பழகட்டும்" என்கிறார். பித்தளை பழகுமாம்!

அவர் தலை மறைந்ததும் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே செருகினேன். பீரோ வாயைத் திறக்கவில்லை.

அதெல்லாம்கூடப் போகட்டும். பில்லின் கடைசி வரியில் துணிப்பைக்கு 20 ரூபாய். அவரே கொண்டு வந்தார், அவரே பொருத்தினார். எனக்கு எதற்குப் பை? அதில் கொட்டை எழுத்தில் அவர் கடை விளம்பரம் வேறு. வெல்வெட் டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.