பாதாளம் உங்களுது, பெட்டி எங்களுது

(கொல்கத்தா, காளிகாட் மெட்ரோ ஸ்டேஷன். லேக் மார்க்கெட் பக்கம் பல வருஷமாகக் குடியிருக்கும் சபாபதி, பெண்ணைக் கொடுத்தவர். சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன கோதண்டம், பையனைப் பெற்றவர். இருவரும் தட்சிணேஸ்வர் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.)

சபாபதி: இந்தாங்க சம்பந்தி, டோக்கன். உள்ள போறப்போ கேட்ல தொட்டாப் போதும். வெளிய வர்றப்போ ஓட்டையில போட்டுடணும். தொலைச்சுட்டா அந்தப் பக்கம் கேட் திறக்காது.

கோதண்டம்: எவ்வளவு ஆச்சு?

சபாபதி: ஐயையோ, நீங்க கொடுக்கறதாவது!

கோதண்டம்: கொடுக்கறேன்னு யாரு சொன்னா? டிக்கெட் விலையைக் கேட்டேன்.

சபாபதி: 2 கிலோமீட்டர் வரைக்கும் 5 ரூபாய். 20 கிலோமீட்டரைத் தாண்டினா 25. இந்த லைன்ல அதுக்கு மேல கிடையாது. எங்க ஊர் அப்படி.

கோதண்டம்: ஊர்ல என்ன இருக்கு? மத்த ஊர் மெட்ரோவுக்கெல்லாம் தனித்தனி கம்பெனி. இது நேரா ரயில்வேயோட சொத்து. 2010லேர்ந்து தனி ஸோன் வேற. அந்த ரயில்வேக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தது யாரு?

சபாபதி: பெரம்பூர். நேத்து ராத்திரி சாப்பிடறப்போ சொன்னீங்க. காலையில காபி குடிக்கறப்போவும் சொன்னீங்க.

கோதண்டம்: பெட்டிதான் சம்பந்தி மெட்ரோ. பள்ளம் யாரு வேணும்னாலும் தோண்டலாம்.

சபாபதி: (பல்லைக் கடித்துக்கொண்டு, புன்னகையுடன்) யாரு வேணும்னாலுமா? 1972 டிசம்பர் 29 அன்னிக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினாங்க. முதல் வண்டி ஓடினது 1984 அக்டோபர் 24. நடுவுல சௌரங்கி ரோடு பட்ட பாடு தெரியுமா? இந்த ஊர் மண்ணு வெறும் களி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. முதல்ல ரெண்டு ஓரத்துலயும் ஒடுக்கமா அகழி எடுக்கணும். அது சரியாம இருக்க பெண்டோனைட்ங்கற களிமண் கரைசலை ரொப்பணும். அதுக்குள்ள கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியா அடியிலேர்ந்து கான்கிரீட் விட்டா, கரைசல் மேல வந்துடும். சுவர் ரெடி. அப்புறம்தான் ரெண்டு சுவருக்கும் நடுவுல மண்ணை அள்ளணும். அள்ள அள்ள குறுக்கே இரும்பு முட்டு கொடுக்கணும். முட்டு லேட்டானா சுவர் உள்பக்கம் சாயும், பக்கத்து வீட்டுல விரிசல் விடும். இதுல, வெள்ளைக்காரன் போட்ட சாக்கடை எங்க போகுதுன்னு ஒழுங்கா வரைபடமும் கிடையாது.

கோதண்டம்: இவ்வளவும் பண்ணி முதல்ல எவ்வளவு தூரம் ஓடிச்சு?

சபாபதி: (குரல் இறங்கி) 3.4 கிலோமீட்டர். எஸ்பிளனேடுலேர்ந்து பவானிபூர். அஞ்சு ஸ்டேஷன்.

கோதண்டம்: அட, நடந்தே போயிடலாமே.

சபாபதி: அடுத்த மாசமே டம்டம்–பெல்காசியா திறந்தாச்சு!

கோதண்டம்: ரெண்டும் சேர்ந்துதா?

சபாபதி: ...இல்ல. அது வடக்கே தனியா ஓடிச்சு. ஆள் ஏறலைன்னு 1992ல அதை நிறுத்திட்டாங்க.

கோதண்டம்: பாத்தீங்களா, எங்க பெட்டி ரெண்டு பக்கமும் தயாரா நின்னுது. உங்க சுரங்கம்தான் வந்து சேரலை.

சபாபதி: ஏன் சேரலைன்னு கேளுங்க. பெல்காசியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவுல மேல கால்வாய், பக்கத்துல சித்பூர் ரயில் யார்டு. யாரோட யார்டு? உங்க ரயில்வேயோடது! அதைப் பிளந்து தோண்ட முடியுமா? அங்க மட்டும் மேலேர்ந்து தோண்டாம, ஷீல்டுங்கற இரும்புக் கூட்டை வெச்சு அடியிலேயே குடைஞ்சாங்க. தண்ணி உள்ள வராம இருக்க சுரங்கத்துல காத்தை அழுத்தி அடைச்சாங்க. வேலைக்குப் போறவன் முதல்ல ஒரு அடைப்பு அறையில உக்காந்து, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறினப்புறம்தான் உள்ள போகணும். வெளிய வர்றப்போ அதைவிட மெதுவா இறக்கணும். அவசரப்பட்டா ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கட்டி மூட்டு மூட்டா முறுக்கிடும். அதையெல்லாம் முடிச்சு, டம்டம்லேர்ந்து டாலிகஞ்ச் வரைக்கும் 16.45 கிலோமீட்டரும் ஒண்ணானது 1995 செப்டம்பர்ல.

கோதண்டம்: காத்தடைச்சா... அது வேலை. ஒத்துக்கறேன்.

சபாபதி: ரொம்ப சந்தோஷம்.

கோதண்டம்: ஆனா அகலத்துல கோட்டை விட்டுட்டீங்க. தண்டவாளம் அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். டில்லியில முதல்ல போட்ட லைனும் அதே அளவுதான். அங்க பெட்டி அகலம் 3.2 மீட்டர். இங்க 2.74. இனிமே அகலமாக் கட்டினாலும் உள்ள நுழையாது.

சபாபதி: சுரங்கம் சின்னதுன்னு பெட்டியைக் குறைச்சாங்களா, பெட்டி சின்னதுன்னு சுரங்கத்தைக் குறைச்சாங்களா?

கோதண்டம்: அதெல்லாம் பொது இடத்துல பேசற விஷயம் இல்ல.

சபாபதி: சரி, ஏ.சி.யைப் பத்திப் பேசலாமா? உங்க பெட்டியில ஏ.சி. வந்தது 2010ல.

கோதண்டம்: அதுக்கு முன்னாடி குளிர்ந்த காத்தை ஊதற ஏற்பாடு இருந்ததே?

சபாபதி: ஊதினது ஸ்டேஷன்ல. நாங்க வெந்தது பெட்டிக்குள்ள. ஏ.சி. இல்லாத கடைசி வண்டியை 2021 அக்டோபர்லதான் வழியனுப்பினோம். ஐயோ, எட்டிப் பாக்காதீங்க, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க! ஓரமா ஓடற அந்த மூணாவது தண்டவாளத்துல 750 வோல்ட் இருக்கு.

கோதண்டம்: என்கிட்டயா சொல்றீங்க? டி.சி. கரண்டு. பெட்டிக்கு அடியில ஷூ இருக்கும், அது தேய்ச்சுக்கிட்டே கரண்டை எடுக்கும். அந்தத் தண்டவாளம் எஃகுதானே?

சபாபதி: இப்ப அலுமினியமா மாத்தறாங்க.

கோதண்டம்: மாத்தத்தான் வேணும். எஃகுக்கு மின்தடை ஜாஸ்தி. சப்ஸ்டேஷன்லேர்ந்து தள்ளிப் போகப் போக வோல்ட் விழும், பாதி வழியில சூடாவே வீணாப் போகும். ஆமா, வண்டி ஏன் இவ்வளவு லேட்டு?

சபாபதி: இதெல்லாம் லேட்டா? 2025 ஜூலையில பாத்திருக்கணும். தெக்கால கடைசி ஸ்டேஷன் கவி சுபாஷ். தூண்ல விரிசல்னு மூடிட்டாங்க. ஆனா வண்டியைத் திருப்பற பாயிண்ட் அங்கதான். அதனால முந்தின ஸ்டேஷன் ஷஹீத் குதிராம்ல ஆளையெல்லாம் இறக்கிட்டு, வண்டி மட்டும் காலியாப் போய்த் திரும்பி வரும். பின்னாடி வர்றது எல்லாம் வரிசையா நிக்கும்.

கோதண்டம்: விரிசல் பெட்டியிலயா, தூண்லயா?

சபாபதி: ...தூண்ல.

கோதண்டம்: யாரோட தூண்?

சபாபதி: வண்டி வருது சம்பந்தி.

(வண்டி வந்து நிற்கிறது. கோதண்டம் பெட்டியை மேலும் கீழும் பார்க்கிறார்.)

கோதண்டம்: இது என்ன, முகமே வேற மாதிரி இருக்கு?

சபாபதி: (மிகுந்த பணிவுடன்) சீனா சம்பந்தி. தாலியன்ங்கற ஊர்ல கட்டினது. 2019ல வந்து இறங்கிச்சு. சோதனை ஓட்டமெல்லாம் முடிஞ்சு 2023லதான் ஆளை ஏத்திச்சு.

கோதண்டம்: அடுத்ததுல போகலாம்.

சபாபதி: போர்டைப் பாருங்க. அடுத்தது டம்டம் வரைக்கும்தான்.

கோதண்டம்: அது பெரம்பூரா?

சபாபதி: பெரம்பூரா இருந்தாலும் டம்டம்ல இறங்கி வேற வண்டிக்கு நிக்கணும். பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்திடுவாங்க.

(கோதண்டம் ஏறுகிறார். கதவு ஓரத்து ரப்பரை அழுத்திப் பார்க்கிறார். தரையைக் காலால் தட்டிப் பார்க்கிறார். உட்காருகிறார்.)

சபாபதி: எப்படி இருக்கு?

கோதண்டம்: சத்தமே இல்ல. சத்தம் இல்லைன்னா வண்டி ஓடுதான்னு எப்படித் தெரியும்?

சபாபதி: ஜாதின் தாஸ் பார்க் வந்தாச்சே.

கோதண்டம்: (குரலைத் தாழ்த்தி) சம்பந்தி, வீட்டுல கேட்டா பெரம்பூர் வண்டியிலதான் போனோம்னு சொல்லிடுங்களேன்.

சபாபதி: பொண்ணைக் கொடுத்தவன், மாட்டேன்னா சொல்லுவேன்? ஆனா ஒண்ணு. பள்ளம் யாரு வேணும்னாலும் தோண்டலாம்னீங்க பாருங்க, அதை ராத்திரி சாப்பாட்டுல எல்லாருக்கும் முன்னாடி வாபஸ் வாங்கிக்கணும்.

கோதண்டம்: சரி.

சபாபதி: அகலத்தைப் பத்திச் சொன்னதையும்.

கோதண்டம்: (சற்று யோசித்து) சீனா வண்டியிலதான் போனோம்னே சொல்லிடுங்க.