குழாய் வாத்தியாரும் கருந்துளையும்

கருந்துளை பற்றி நான் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோத் துண்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஐயா குழாய் வாத்தியார், அதான் கருந்துளைக்குள்ளயும் தண்ணி விடுறார்." என்றார் ஒருவர் என்னைப் பார்த்து. ஒரே கைதட்டல். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

நான் சொன்னது ஒன்றே ஒன்று. கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலியாக இருப்பதை யாரும் பார்த்ததில்லை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடு அங்கே கைவிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். 2019இல் வந்த, எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளையின் படத்தைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். அதில் தெரிவது ஒளி வளையமும் நிழலும்.

ஆமாம், முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் பாய்ம இயக்கவியல், அதாவது நீரும் காற்றும் ஓடும் விதம், நடத்தியவன்தான். தொட்டியின் அடைப்பை எடுத்தால் தண்ணீர் சுழன்று இறங்கும். ஏட்டுச் சூத்திரப்படி மையத்தை நெருங்க நெருங்க வேகம் ஏறும், மையத்தில் முடிவிலி. எந்த வீட்டுத் தொட்டியிலாவது அப்படி நடந்திருக்கிறதா? நடுவில் காற்று புகுந்துவிடும், இல்லையென்றால் பாகுத்தன்மை (பாய்மத்தின் உள் உராய்வு) குறுக்கே வந்து நடுப்பகுதியை ஒரு தட்டு மாதிரி மொத்தமாகச் சுற்ற வைக்கும். முடிவிலி காகிதத்தில்தான்.

2001இல் இயற்பியலாளர்கள் மசூரும் மொட்டோலாவும் கருந்துளைக்கு மாற்றாக முன்வைத்த கிராவஸ்டார் என்ற பொருளும் இந்த ஜாதிதான். உள்ளே எதிர்மறை (சுழியத்துக்குக் கீழான) அழுத்தம் கொண்ட பாய்மம், நொறுங்க விடாமல் தாங்குகிறது. சுற்றிலும் மெல்லிய, மிக விறைப்பான பாய்ம ஓடு. அதற்கு வெளியே கருந்துளைக்கு உள்ள அதே ஈர்ப்பு. நடுவில் முடிவிலி கிடையாது.

"நடுவில் சிங்குலாரிட்டி, அதாவது சமன்பாடு முறிந்துபோகும் இடம், உண்டு என்று கணித இயற்பியலாளர் பென்ரோஸ் 1965லேயே நிரூபித்துவிட்டாரே?" தம்பி, அந்தத் தேற்றம் ஒளிகூடத் தப்ப முடியாத பரப்பு உருவான பிறகுதான் பேசும். கிராவஸ்டாரில் அந்தப் பரப்பே உருவாவதில்லை. படித்துவிட்டு வாங்க.

"ஆதாரம்?" சரி, இல்லை. ஒரு நட்சத்திரம் எப்படி அப்படி மாறும் என்பதும் தெளிவாகவில்லை. மேடையிலேயே சொன்னேன், வீடியோவில் வெட்டிவிட்டார்கள்.

சுழலும் கருந்துளைக்கு 1963இல் தீர்வு கண்ட ராய் கெர், 2023இல், 89 வயதில், சிங்குலாரிட்டி நிரூபிக்கப்படவில்லை என்று கட்டுரை எழுதினார். அவரும் குழாய் வாத்தியாரா?

எடை மிகுந்த நட்சத்திரம் கடைசியில் தன் ஈர்ப்பைத் தாங்காது என்று கணக்குக் காட்டிய நம் சந்திரசேகரை, 1935இல் லண்டனில் பிரபல வானியலாளர் எடிங்டன் கூட்டத்தில் வைத்துக் கேலி செய்தார். இது எனக்குச் சாதகமான உதாரணம் இல்லை, தெரியும். நட்சத்திரம் அப்படி நொறுங்காது என்று அடம்பிடித்தவர் எடிங்டன்தான், அவர் தோற்றார். ஆனாலும் அன்றைக்கு அரங்கம் சிரித்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

முன்வரிசையில் சிரித்தவர்களில் ஒருவன் என் மாணவன். குழாயில் ஓடும் நீரை அளக்கும் வென்சுரிமீட்டரில் அளவெடுக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் குழாய் வாத்தியார்.