விமான டிக்கெட்டுக்கு முந்தைய ஆறு மாதங்கள்

சட்டக் கல்லூரி அணி ஒன்று மூட் கோர்ட் (கற்பனை வழக்கை நிஜ நீதிமன்றத்தில்போல் வாதாடும் போட்டி) ஒன்றுக்காக வியன்னாவுக்கோ வாஷிங்டனுக்கோ போய்வந்தால் அது நம் ஊரில் எப்படிச் செய்தியாகிறது என்று பாருங்கள். கறுப்புக் கோட்டு அணிந்த நான்கு பேர், பின்னால் ஓர் ஐரோப்பியக் கட்டடம், "கல்லூரிக்குப் பெருமை சேர்த்த மாணவர்கள்" என்று ஒரு வரி. என்ன வழக்கு, எந்தத் தரப்புக்காக வாதாடினார்கள், எந்தக் கேள்வியில் திணறினார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. அதே படத்தின் கீழே இன்னொரு கூட்டம், "அப்பா காசில் ஐரோப்பாச் சுற்றுலா" என்று எழுதிவிட்டுப் போகும்.

பாராட்டுகிறவர்களும் பழிக்கிறவர்களும் பேசுவது விமான டிக்கெட்டைப் பற்றித்தான். வக்கீல் தொழிலுக்கு நடுவே சில அணிகளின் பயிற்சிச் சுற்றுகளில் நீதிபதியாக உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் போட்டிகளின் பயனில் பெரும்பகுதி விமானம் ஏறுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. நம் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்காமல் போவதும் அந்த முந்தைய மாதங்கள்தான். அதற்குப் பெரிய செலவும் கிடையாது என்பதுதான் எரிச்சல்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜெஸப் என்பது 1960இல் தொடங்கிய போட்டி. சர்வதேச நீதிமன்ற நீதிபதியாக இருந்த அமெரிக்கர் பிலிப் ஜெஸப்பின் பெயரில் நடக்கிறது. இரண்டு கற்பனை நாடுகளுக்கு இடையே ஒரு சச்சரவு. அதை ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல் வாதாட வேண்டும். அதற்காக இந்தியாவிலிருந்து வாஷிங்டன் போக முதலில் இங்கே தகுதிச் சுற்றில் தேற வேண்டும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999இலும் 2013இலும் உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. வியன்னாவில் ஈஸ்டருக்கு முன்னால் நடப்பது வில்லெம் விஸ் போட்டி. அது வணிக வழக்கு, நடுவர் மன்றத்தின் முன் வாதம். 1990களின் தொடக்கத்தில் 11 அணிகளோடு ஆரம்பித்தது. இப்போது 300க்கும் மேல். விண்வெளிச் சட்டத்துக்குக்கூட மான்ஃபிரட் லாக்ஸ் பெயரில் ஒரு போட்டி உண்டு. அதன் இறுதிச் சுற்றில் நீதிபதிகளாக உட்காருகிறவர்கள் சர்வதேச நீதிமன்றத்தின் உண்மையான நீதிபதிகள்.

வியன்னாப் போட்டியின் ஒரு விதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அக்டோபரில் வழக்கு வெளியாகும். டிசம்பருக்குள் மனுதாரர் தரப்பு வாதத்தை எழுத்தில் தர வேண்டும். மாணவர்கள் அதை மெமோரியல் என்பார்கள். இரண்டு மாதம் அந்தத் தரப்பிலேயே ஊறி, "நம் கட்சிதான் நியாயம்" என்று நம்பத் தொடங்கும் நேரத்தில், வேறொரு நாட்டு அணி எழுதிய மனுதாரர் வாதம் இவர்கள் கைக்கு வரும். ஜனவரிக்குள் எதிர்தரப்பாக நின்று அதை உடைக்க வேண்டும். தான் எழுதிய அதே வாதங்கள், இன்னும் நன்றாக எழுதப்பட்டு எதிரே நிற்கும். அப்புறம் வியன்னாவில் நான்கு சுற்று, இரண்டில் மனுதாரர், இரண்டில் எதிர்தரப்பு. இருபத்தோரு வயதில் இதைச் செய்தவன், கட்சிக்காரர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பி வழக்குத் தாக்கல் செய்கிற வக்கீலாக ஆவது கடினம்.

இதற்கு நேரெதிராக நம் கல்லூரிகளில் நடப்பது என்ன? பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி மூட் கோர்ட் கட்டாயப் பாடம். மூன்று மூட், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். பல இடங்களில் அது ரெக்கார்டு நோட்டு எழுதும் வேலையாக முடிந்துவிட்டது. சீனியரின் நோட்டு ஜூனியருக்கு வரும், முகப்பில் பெயர் மாறும், உள்ளே எழுத்துப் பிழைகூட மாறாது. மார்க்கும் வந்துவிடும்.

"நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராதே சார்" என்பது, ஏன் அணி அனுப்பவில்லை என்று கேட்டால் வரும் பதில். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் என்பதுதான் வேதனை. வியன்னாவில் வாதாடும் ஜெர்மானியருக்கும் பிரேசில்காரருக்கும் உக்ரைன்காரருக்கும் ஆங்கிலம் படித்துக் கற்ற மொழிதான். அவர்களின் உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. நீதிபதி பார்ப்பது கேள்விக்குப் பதில் வருகிறதா என்பதை.

பயிற்சிச் சுற்று ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தென்மாவட்டத்து அரசு சட்டக் கல்லூரி மாணவி, தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு முடித்தவர். ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றைக் காட்டி, நாடுகள் இதைப் பின்பற்றியாக வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த நண்பர் இடைமறித்து, "பொதுச்சபைத் தீர்மானம் எப்போது சட்டமாயிற்று?" என்று கேட்டார். மேடையில் மிதக்கிற பிள்ளைகளைக் கவிழ்க்கும் கேள்வி இது. அந்தப் பெண் காகிதத்தைப் புரட்டவில்லை. தீர்மானம் தன்னளவில் நாடுகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஒரு வழக்காறு சட்டமாக உருவாகி வருவதற்கு அது சான்றாகலாம், அணு ஆயுதங்கள் பற்றிய 1996ஆம் ஆண்டுக் கருத்துரையில் சர்வதேச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது என்றார். சின்னச் சின்ன வாக்கியங்கள். இரண்டு இடத்தில் இலக்கணம் தடுக்கியது. கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நுனிநாக்கு ஆங்கிலத்தில் "மச் ஆப்ளைஜ்ட், மை லார்ட்" என்று ஐந்து தடவை சொல்லிவிட்டு, கேட்ட கேள்வியைத் தொடாமலேயே இறங்கிப்போன எத்தனையோ பேரை அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ("மை லார்ட்" தேவையில்லை என்று பார் கவுன்சில் 2006லேயே சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்.)

அந்த மாணவிக்கு அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் முழுவதும் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சர்வதேச சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை குறித்த தீர்ப்புகளுக்கும் இலவசத் தொகுப்புகள் உண்டு. வியன்னாவில் வாதாடப்படுவது அந்த உடன்படிக்கைதான். இந்தியா அதில் சேரவில்லை, அதைப் படித்து என்ன பயன் என்று கேட்கிறவர்கள் திருப்பூரை நினைத்துப் பார்க்கட்டும். ஜெர்மனிக்குப் பனியன் அனுப்பும் ஏற்றுமதியாளர், ஜெர்மன் சட்டமே பொருந்தும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். இந்த உடன்படிக்கையை வேண்டாம் என்று வெளிப்படையாக விலக்கினாலொழிய, அந்தச் சட்டத்தோடு சேர்ந்து இதுவும் அவர் தலையில் ஏறிக்கொள்ளும். சரக்கில் குறை என்று கடிதம் வரும்போது அவருக்கு ஆலோசனை சொல்ல கோவையிலோ ஈரோட்டிலோ ஓர் ஆள் வேண்டாமா?

ஆக, புத்தகம் இருக்கிறது, மூளை இருக்கிறது. இல்லாதது வழி சொல்ல ஓர் ஆள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் போன வருடம் போன சீனியர் இந்த வருட அணியை உட்காரவைத்து உலுக்கி எடுப்பார். எந்த வாதத்தை எந்த வரிசையில் வைப்பது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது, எந்த இடத்தில் "அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லித் தப்புவது எல்லாம் வாய்வழியாகவே இறங்கி வரும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அரசுக் கல்லூரிகளில் விழவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "பாஸ்போர்ட் இருக்கிறதா, சொந்தச் செலவில் போக முடியுமா?" என்பது. வாதத் திறமை அதற்குப் பிறகு.

இனி சமரசப் போட்டிகள். இதை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதே இல்லை. எனக்கோ இதுதான் முதலிடம். பாரிஸில் சர்வதேச வணிகச் சபை 2006 முதல் பிப்ரவரிதோறும் நடத்துகிறது. ஓர் அணியிலிருந்து இரண்டு பேர் உட்காருவார்கள், ஒருவர் கட்சிக்காரர், மற்றவர் வக்கீல். எதிரே இன்னோர் அணி, நடுவே தொழில்முறைச் சமரசர். வழக்கின் பொதுவான விவரம் இரு தரப்புக்கும் தெரியும். கூடவே ஒவ்வொரு தரப்புக்கும் தனியாக ஓர் இரகசியத் தாள் தரப்படும். அதில் உண்மையில் என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எது வெளியே தெரியக்கூடாது என்பதெல்லாம் இருக்கும். உடன்பாடு எட்டினால்தான் வெற்றி என்பதும் இல்லை. எதிராளிக்கு என்ன தேவை என்பதைக் கேட்டு அறிந்தார்களா, புதிய வழிகளை யோசித்தார்களா, வக்கீலும் கட்சிக்காரரும் சேர்ந்து இயங்கினார்களா என்று பார்த்துத்தான் மதிப்பெண்.

மூட்டில் பழகிய பிள்ளைகள் இங்கே வந்து விழுவதைப் பார்க்க வேண்டும். ஒரு பயிற்சியில் வக்கீலாக உட்கார்ந்த பையன் எடுத்த எடுப்பிலேயே "எதிர்தரப்பு ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்தை மீறிவிட்டது" என்று தொடங்கினான். நிறுத்தவே இல்லை. பக்கத்தில் கட்சிக்காரராக உட்கார்ந்திருந்த தோழி இரண்டு தடவை வாயெடுத்தாள், கையமர்த்தினான். அவள் தாளில் என்ன இருந்தது தெரியுமா? நஷ்டஈடு கிடைத்தால் நல்லது, ஆனால் அடுத்த ஆண்டு ஆர்டர் கைநழுவினால் கம்பெனியே படுத்துவிடும் என்று. நேரம் முடியும்வரை ஆர்டர் என்ற சொல்லே அந்த மேஜைக்கு வரவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் இதே நாடகத்தை நரைத்த தலைகளோடு பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதலில் வந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில், 2005இல். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முன்நின்று அமைத்தது அது. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி, அவசர நிவாரணம் கேட்காத வழக்கென்றால் தாக்கல் செய்யும் முன் சமரசத்துக்குப் போயாக வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. நடைமுறையில் என்ன ஆகிறது? எதிர்தரப்பு வராது, "சமரசம் தொடங்கவில்லை" என்று ஓர் அறிக்கை வாங்கி மனுவோடு சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். எதிராளியின் தேவையைக் கேட்டுப் பழகாத வக்கீல்களிடம் சட்டம் போட்டுக் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும்.

சமரசத்தில் இன்னொரு வசதியும் உண்டு. பாரிஸுக்கு ஆங்கிலம் வேண்டும், சரி. ஆனால் கல்லூரிக்குள் நடத்தும் பயிற்சியைத் தமிழிலேயே நடத்தலாம். நாளைக்குப் பாகப்பிரிவினைக்கு வந்து உட்காரப்போகும் அண்ணன் தம்பிகள் தமிழில்தான் சண்டை போடுவார்கள். ஒரு மேஜை, ஐந்து நாற்காலி, இரண்டு இரகசியத் தாள் போதும்.

ஜெஸப் வழக்கு செப்டம்பரிலும் வியன்னா வழக்கு அக்டோபரிலும் வெளியாகும். கல்லூரி பதிவு செய்யாவிட்டாலும் யாரும் தரவிறக்கி வாதாடிப் பார்க்கலாம். அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதத் தயாரென்றால் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை மாலைகளில் இணையவழியில் பயிற்சிச் சுற்று வைக்கலாம். என்னோடு நீதிபதியாக உட்கார முன்வரும் வக்கீல் நண்பர்களும் சொல்லுங்கள். வழக்கைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உச்சரிப்பைத் திருத்த ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.