உடம்பு சொல்லும், யார் கேட்பது?
குத்துச்சண்டையிலிருந்து எப்போது விலகுவது என்பதை வீரனே தீர்மானிக்கட்டும், உடம்பே அவனுக்குச் சொல்லிவிடும் என்கிறது இங்கே வந்த கட்டுரை. சொல்லும்தான், ஆனால் அது முதலில் அடுத்தவர் காதில்தான் விழுகிறது. 1977இல் ஷேவர்ஸ் என்ற வீரருடன் மோதிய பின் முகமது அலியை நிறுத்தச் சொன்னார் அவருடைய மருத்துவர் பச்சேகோ. அலி கேட்கவில்லை, மருத்துவர்தான் விலகிப் போனார். 1980இல், 38 வயதில், ஹோம்ஸ் என்ற வீரரிடம் பத்துச் சுற்று அடி வாங்கியும் அடுத்த ஆண்டு மறுபடி மேடையேறினார் அலி. வயது தடையில்லை என்பதற்கு, மேலே கருத்து எழுதிய ஒருவர் 45 வயதில் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் போர்மனைக் காட்டுகிறார். போர்மன் இடையில் 10 ஆண்டுகள் அடிபடாமல் இருந்தவர் ஐயா! கொக்குவிலில் என் சித்தப்பாவும் நாற்பதைத் தாண்டியும் கையுறையை விடவில்லை. சட்டைத் தெறி (பொத்தான்) பூட்டும்போது அவர் விரல்கள் தடுமாறுவதைச் சித்திதான் முதலில் கண்டார். கேட்டால், தெறி சின்னது என்பார்.