கருப்பு வந்தாரா, ராஜேந்திரன் வந்தானா?

(சன் டிவியில் வந்த மர்மத் தொடர் ‘விடாது கருப்பு’வின் முடிவு இந்தப் பதிவில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் பார்க்காதவர்கள் என்னைத் திட்டக் கூடாது.)

காலேஜ் படிக்கிற அக்கா மகன் போன வாரம் அதை யூட்யூபில் மொத்தமாகப் பார்த்து முடித்தான். “என்ன மாமா, கடைசில சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு ஆளுக்கு மனநோய்னு முடிச்சுட்டாங்க. ஏமாத்து வேலை” என்றான். எங்கள் ஊரில் அப்போதே நடந்த பஞ்சாயத்துதான் இது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சன் டிவி தெரிகிற வீடு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று. புளி சீசனில் அந்த வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்கள் புளி தட்டிக்கொண்டே பார்ப்பார்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். விளம்பரம் வந்த பிறகுதான் மறுபடி டக் டக்.

இத்தனைக்கும் கருப்பு எங்கள் பக்கத்துச் சாமி இல்லை, மதுரைப் பக்கத்துக்காரர். எங்களுக்கு முனியப்பனும் வேடியப்பனும்தான். என்றோ செத்த வீரனின் நடுகல்லையே வேடியப்பன் என்று கும்பிடுகிற ஊர். அதனால் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. தொடரில் வருகிற தோட்டக்காரமங்கலம் கிராமத்தில் தப்பு செய்தவன் செத்து விழுந்தால், இங்கே “பி.அக்ரகாரம் முனியப்பன்கிட்ட இந்த வேலைய வச்சுப்பானா?” என்று பேசினார்கள். தம்பி நிலத்தில் வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். நாலைந்து வாரம் பார்த்தார். அப்புறம் டிவி பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். கருப்பாக வந்தது கதையில் வருகிற ராஜேந்திரன்தான், அவனுடைய பிளவுபட்ட மனசுதான் காரணம் என்று முடிச்சு அவிழ்ந்தபோது, பகுத்தறிவு பேசும் எங்கள் வாத்தியார் “பாத்தீங்களா, நான் சொன்னேனா?” என்று துள்ளினார். இளவட்டங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. என் ஆயா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இதுல என்னா புதுசா சொல்லிட்டான்? சாமி ஒரு ஆளு மேல வந்துதான பேசும், தனியாவா வரும்?” என்றாள்.

நான் ஆயா கட்சி. அருள் வந்து ஆடும்வரை சாமியாடிதான் முனியப்பன். மலையேறிவிட்டால் டீக்கடையில் நம்மிடம் பீடி கேட்கிறவர். இரண்டும் ஒரே ஆள் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் அதிர்ச்சி கிடையாது. டாக்டர் வைத்த பெயர் ஒன்று, ஆயா வைத்த பெயர் ஒன்று. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பவர்கள், இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அத்தனை கொலை விழுந்தும் எங்கள் கூடத்தில் யாரும் போலீஸ் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. “செத்தவன் யோக்கியனா?” என்றுதான் கேட்டோம். நானும்தான்.

2022இல் அமேசான் பிரைமில் ‘சுழல்’ என்ற மர்மத் தொடர் வந்தபோது காவேரிப்பட்டணத்துச் சித்தி வீட்டில் பார்த்தேன். கதை மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களில் நடக்கிறது. சிவராத்திரி முடிந்ததும் தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் அங்காளம்மன் வேஷங்களோடு ஊரே திரள்வதைச் சின்ன வயசிலிருந்து பார்ப்பவர் சித்தி. குற்றவாளி யார் என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. “நம்ம நோம்பிக்கு எதுக்குடா இவ்ளோ திகில் மியூசிக்கு?” என்று கேட்டுவிட்டு இட்லிக்கு ஊற்றப் போய்விட்டார். அந்தத் தொடருக்கு நான் கேட்டதிலேயே நல்ல விமர்சனம் அதுதான்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். “அப்போ அந்த வரப்புத் தாத்தா என்ன ஆனாரு?” என்றான்.

கடைசி வாரம் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தார். மனநோய் என்று டிவியில் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி வாத்தியார் முகத்தில்கூட இல்லை. வரப்பு இன்றும் அவர் வெட்டிய இடத்தில்தான் இருக்கிறது.