அப்பா வெட்டிய நான்கு காப்பி மரங்கள்

கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். ஏலம், மிளகு, இடையிடையே ரொபஸ்டா காப்பி. கிழக்கு வேலியோரம் அகல இலையோடு ஓங்கி வளர்ந்த நான்கு பழைய காப்பி மரங்கள் நின்றன. லைபீரிகா என்கிற இனம். ஏணி வைத்துத்தான் பழம் பறிக்க முடியும். 2002 வாக்கில் காப்பி விலை விழுந்து பறிப்புக் கூலிக்கே கட்டாமல் போனபோது அப்பா நான்கையும் வெட்டிவிட்டு ஏலக்கன்று வைத்தார். அந்த ஏலக்காசில்தான் அக்கா கல்லூரி முடித்தாள். அப்பா மேல் எனக்குக் கோபமே கிடையாது.

காட்டுக் காப்பியையும் இப்படிப் பழைய இனங்களையும் காக்க விவசாயிகளுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் கோபம் வருகிறது.

இலங்கையில் 1869-இல் காப்பிச் செடிகளுக்கு இலைத்துரு நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள் அங்கே காப்பி அநேகமாகத் துடைத்துப்போனது, தேயிலை வந்தது. மன்னார் வழியாக நடந்து போய் அந்தக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் ஆட்கள். அப்புறம் நோயைத் தாங்கும் செடி தேடியவர்கள் காப்பியின் சொந்தபந்தங்களிடம்தான் போனார்கள். 1940-களில் வந்த எஸ் 795 என்கிற அரபிகா ரகத்தில் லைபீரிகாவின் கலப்பு இருக்கிறது. வயநாட்டிலும் குடகிலும் நிற்கும் சி எக்ஸ் ஆர் என்கிற கலப்பினக் காப்பிக்கு ஒரு பக்கத்துத் தாய்வழி காங்கோ ஆற்றங்கரைக் காட்டுச் செடி. அந்தக் காட்டைக் காத்தவர்களுக்கு இதற்காக யாராவது ஒரு ரூபாய் கொடுத்திருப்பார்களா?

உலகத்தில் 124 காப்பி இனங்கள் இருப்பதாகவும், அவற்றில் அறுபது சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகவும் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2019-இல் சொன்னார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே திருவிதாங்கூர் பெயரைத் தாங்கிய காட்டுக் காப்பி ஒன்று உண்டு. சின்னப் புதர், வெள்ளைப் பூ. நெல்லைப் போல விதையைக் காயவைத்துக் குளிர்பெட்டியில் பல வருஷம் வைக்கலாம் என்றால் காப்பி அதற்கு ஒத்துவராது. சில மாதங்களில் முளைப்புத் திறன் போய்விடும். மரமாக, மண்ணில், உயிரோடு நின்றால்தான் உண்டு. அப்படியானால் அது யாரோ ஒருவருடைய நிலத்தையும் வேலையையும் எடுத்துக்கொள்ளும்.

காப்பிக்கு நல்ல விலை கொடுத்தால் காடு தானாகப் பிழைக்கும் என்பதையும் நான் நம்பவில்லை. அரபிகாவின் தாய்வீடான எத்தியோப்பியாவின் காஃபா பக்கக் காடுகளில், காய்ப்பைக் கூட்டுவதற்காக மேல்மரங்களைக் கழித்துவிடுகிறார்கள். விலை விழுந்தால் காட்டையே திருத்தி மக்காச்சோளம் போடுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான். 2024-இல் ரொபஸ்டா விலை ஏறியதும் எங்கள் பக்கத்தில் வெளிச்சம் வேண்டுமென்று நிழல் மரங்களைக் கழித்தவர்களை நானே பார்த்தேன். விலை ஏறினாலும் இறங்கினாலும் கோடரி விழுவது மரத்தின் மேல்தான்.

அதனால் காசைக் கொட்டைக்குக் கொடுத்தால் போதாது, நிற்கிற மரத்துக்கும் கொடுக்க வேண்டும். பழைய இனம் ஒன்றை வேலியோரம் வைத்திருக்கிறவருக்கு வருஷா வருஷம் இவ்வளவு என்று வங்கிக் கணக்கில் வரட்டும். காட்டுக்குள் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று தெரிந்த மன்னான், முதுவான், பளியர் பழங்குடி மக்களுக்குக் காவல் கூலி வரட்டும். புது ரகங்களால் லாபம் பார்க்கும் பெரிய காப்பி வியாபாரிகளும் அரசும் சேர்ந்து போடட்டும். உயிரினங்களைக் காத்தவர்களுக்கு அவற்றால் வரும் பயனில் பங்கு தரவேண்டும் என்கிற பல்லுயிர்ச் சட்டம் 2002-லேயே வந்துவிட்டது. அப்பா மரம் வெட்டிய அதே காலம்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் இன்னும் ஒரு லைபீரிகா நிற்கிறது. வெட்டாதீர்கள் என்று போய்ச் சொன்னேன். "நிக்கட்டும் தம்பி. ஏணி வச்சு ஏறுறவனுக்குக் கூலி யாரு குடுக்குறது?" என்றார். இந்த வருஷப் பறிப்புக் கூலியை நான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷக் கூலியைப் பற்றி வருகிற கிராமசபையில் எழுந்து கேட்கப்போகிறேன். பக்கத்து ஊர்களில் இப்படிப் பழைய காப்பி மரம் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், சேர்ந்தே கேட்கலாம்.