ஃபைல் கெடவில்லை, தம்பி

வெள்ளிக்கிழமை மண்டியில் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அந்த ஸ்டேட்டஸ் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரிசி மண்டிக்குப் புது மெஷின் போட வந்த கம்ப்யூட்டர் தம்பி, பழைய கணக்கு ஃபைல் அதில் திறக்கவில்லை என்றதும் வைத்த ஸ்டேட்டஸ் அது. மண்டியில் கணக்கு எழுதும் கணக்கக்காவின் திரையைப் படம் எடுத்து, ‘டைனோசர் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வைத்து, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நம் ஊர்க்காரர்களே அதற்குச் சிரித்திருந்தார்கள். அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை மண்டி முதலாளி ஃபோன் பண்ணி, “ஃபைலே கெட்டுப்போச்சாமே, எல்லாக் கணக்கையும் புதுசா அடிக்கணுமாமே?” என்று கேட்டார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

ஃபைல் கெடவில்லை.

அது ஆக்சஸ் 97-இல், அதாவது பட்டியல் பட்டியலாக விவரங்களைச் சேர்த்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பில், செய்த ஃபைல். புது மெஷினில் தம்பி போட்டது இப்போது விற்பனையில் இருக்கும் ஆக்சஸ். ஆக்சஸ் 97 ஃபைலைத் திறக்கும் வசதியை 2013 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. 2010 வரைக்கும் அது இருந்தது. ஆகவே 2003, 2007, 2010 இவற்றில் ஏதாவது ஒன்று உள்ள மெஷினில் அந்த ஃபைலைத் திறந்து, அடுத்த வடிவத்துக்கு மாற்றி, அப்புறம்தான் புது மெஷினுக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் ஒரு படி இருக்கிறது, அவ்வளவுதான். இது பழைய பதிப்பில் உருவான ஃபைல் என்று திரையிலேயே வந்திருக்கும். அதைப் படிக்காமல் ‘ஓகே’ அடித்துவிட்டு, கடைப் பையன்கள், லோடு ஏற்றுகிறவர்கள், சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லாரும் நிற்கும்போது ஒரு அம்மாவைப் பார்த்து, “இத்தனை வருஷமா இதையா வெச்சிருந்தீங்க?” என்று கேட்பது என்ன நியாயம்?

பழைய பதிப்பில் வேலை செய்வது குற்றம் இல்லை. அதை மாற்றுவது ஒரு தனி வேலை. மாற்றச் சொல்கிறவர் அந்த வேலையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப் போவது இதைத்தான்.

கணக்கக்கா யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பேரேடு எழுதுவதற்காக மண்டிக்கு வந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பேரேட்டை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள் (பட்டியல்), சரக்குக்கு ஒன்று, லாரி வாடகைக்கு ஒன்று, பற்று வரவுக்கு ஒன்று என்று தானே பிரித்துப் போட்டார். எந்த மில் சரக்கு எந்த லாரியில் வந்தது, இறக்குகூலி எவ்வளவு, யார் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, எல்லாம் ஒரு பட்டனை அமுக்கினால் வரும். டேபிள்களுக்கு இடையே அவர் போட்டிருக்கும் உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவர்கள் போட்டுத் தந்ததைவிடச் சுத்தமாக இருக்கும்.

2022 ஜூலை 18 ஞாபகம் இருக்கிறதா? பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்த நாள். அந்த வரியைத் தவிர்க்க மண்டிகள் பலவும் 26 கிலோ சிப்பத்துக்குத் தாவின. அந்த வாரம் கடைக்குக் கடை சாஃப்ட்வேர்காரருக்கு ஃபோன் போட்டுக் காத்துக் கிடந்தார்கள். இந்த மண்டியில் அக்கா தானே ஃபார்மை, அதாவது பில் விவரம் அடிக்கும் திரையை, டிசைன் பக்கத்தில் திறந்தார். எடைப் பட்டியலில் 26-ஐச் சேர்த்தார், கூலிக் கணக்கில் சூத்திரத்தைத் திருத்தினார், அன்று சாயங்காலமே பில் அடித்துக் கொடுத்தார். யாரையும் கெஞ்சவில்லை, யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. அந்தத் திரைதான் தம்பிக்கு டைனோசர்.

அடுத்து, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த இரண்டாவது படத்துக்கு வருகிறேன். ஃபைலை எப்படியோ பிரித்து டேபிள்களை எக்செல்லுக்கு எடுத்திருக்கிறார். பெயர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கிறது. “டேட்டா எல்லாம் குப்பை” என்று கீழே எழுத்து.

குப்பை இல்லை தம்பி, அது பாமினி. எல்லா மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை நம் ஊர்க் கடைகளுக்கு வருவதற்கு முன்னால் தமிழில் அடிக்க இப்படிப்பட்ட எழுத்துருக்கள்தான் இருந்தன. அதில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். எக்செல்லில் பெயர்கள் உள்ள நெடுவரிசைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை பாமினி என்று மாற்றியிருந்தால் அத்தனை வாடிக்கையாளர் பெயரும் அடுத்த நொடி தமிழில் தெரிந்திருக்கும். அதை யூனிகோடாக மாற்றவும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே பத்தியில் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலமும் சேர்ந்து பொருளில்லாத தமிழாகிவிடும். ஆகவே ஆள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். தனி வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று கேளுங்கள். பாமினியில் சின்ன எஃப் அடித்தால் ‘க’, பெரிய எஃப் அடித்தால் ‘கு’. ஆக்சஸோ ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்க்காது. அதனால் அதற்குக் ‘கடை’யும் ‘குடை’யும் ஒன்று, ‘பலி’யும் ‘புலி’யும் ஒன்று. பெயரை வைத்துத் தேடினால் வேறு ஆள் கணக்கில் போய் நிற்கும். இதை அக்கா ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எண் கொடுத்து, எண்ணை வைத்தே எல்லாக் கணக்கையும் இணைத்திருக்கிறார். எக்செல்லுக்கு எடுத்தபோது “இந்த நம்பர் எல்லாம் எதுக்கு?” என்று தம்பி அழித்த பத்தி அதுதான். பெயர்களையும் பாக்கியையும் இணைத்திருந்த ஒரே கயிறு.

தேதிகளும் போயிருக்கின்றன. புது மெஷினில் தேதி அமைப்பு மாதம் முதலில் வரும் அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. சிஎஸ்வி என்ற வெறும் எழுத்து ஃபைல் வழியாகக் கொண்டுபோனதில் மார்ச் 5 மே 3 ஆகிவிட்டது. 12-க்கு மேற்பட்ட தேதிகள் தேதியாகவே சேராமல் வெறும் எழுத்தாக நிற்கின்றன. பாக்கிக்கு நாள் கணக்குப் பார்க்கிற வியாபாரத்தில் இது எவ்வளவு பெரிய சேதம் என்று அந்த ஸ்டேட்டஸில் சிரித்த வியாபாரிகளுக்காவது தெரிய வேண்டாமா?

சரி, என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் பாதுகாப்பு. அக்காவின் பழைய மெஷினில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுவிட்டது, அதை வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது, இருந்தாலும் வைரஸ் நுழைய பென் டிரைவ் ஒன்று போதும். மதர்போர்டும் என்றைக்காவது ஒருநாள் நின்றுவிடும். மாற்ற வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

“2003-இலேயே, 2010-இலேயே மாற்றியிருக்கலாமே” என்பார்கள். முடிவெடுக்க வேண்டியவர் சம்பளத்துக்கு இருக்கும் கணக்கக்காவா? கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பெரிய உபதேசம்: “ஆக்சஸ் செத்துப்போச்சு, கிளவுடுக்குப் போங்க.” செத்துப்போன ஆக்சஸை மைக்ரோசாஃப்ட் இன்றும் ‘மைக்ரோசாஃப்ட் 365’ சந்தாவில் விற்றுக்கொண்டிருக்கிறது. ஆக்சஸையே இணையத்துக்கு ஏற்றி ‘வெப் ஆப்’ என்று அவர்களே கொடுத்தார்கள். அதை நம்பிப் போனவர்கள் கதை என்ன? 2017-இல் நிறுத்தப் போவதாக அறிவித்து 2018 ஏப்ரலில் மூடினார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு முன்னால் ஓடியவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு வழி தேடினார்கள். மண்டியின் பழைய ஃபைல் அன்றும் பில் அடித்துக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான ஃபாக்ஸ்புரோவுக்கும் இதே கதிதான். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-க்கு அடுத்த பதிப்பு வராது என்று 2007-இல் ஒரு அறிவிப்பு, 2015-இல் ஆதரவும் முடிந்தது. நான் தொழில் கற்றுக்கொண்டதே ஃபாக்ஸ்புரோவில்தான். ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஃபிளாப்பியில் எழுதிய நிரலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த காலம். அந்த அறிவிப்பு வந்தபோது, இத்தனை வருடம் கற்றதெல்லாம் இவ்வளவுதானா என்று சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. அதனால்தான் ‘டைனோசர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது அக்காவை மட்டும் சொன்ன சொல் இல்லை.

டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைப் போடலாமே என்று சிலர் அன்பாகச் சொன்னீர்கள். போடலாம், நல்ல சாஃப்ட்வேர். நானே நிறையக் கடைகளுக்கு அதைத்தான் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் பழைய பாக்கி சரியாக வந்து சேராமல் எதைப் போட்டாலும் முதல் நாளே தகராறுதான். டேட்டாவை ஒழுங்காக எடுப்பது முதல் வேலை, எதில் கொட்டுவது என்பது அடுத்தது.

“உன் பிழைப்பு போகுதுன்னு பேசுறே” என்று ஒருவர் நேரிலேயே சொல்லிவிட்டார். பழையதை மாற்றித் தருவதுதானய்யா என் பிழைப்பு! எல்லாரும் மாற்றினால் எனக்குத்தான் வருமானம். இருந்தும் ஏன் அவசரப்படாதீர்கள் என்கிறேன்? மாற்றிய பிறகு என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். ஒரு நூல் மில்லில் யாரோ பழைய ஃபைலைப் புது வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழைய வடிவத்தில் இந்த ஆள் இந்த டேபிளைத்தான் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் பூட்டுப் போடலாம். 2007-இல் வந்த புது வடிவத்தில் அந்த வசதி கிடையாது. மாற்றிய மறுநாள் மேஸ்திரியிலிருந்து மேனேஜர் வரைக்கும் யாருக்கு என்ன சம்பளம் என்று ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. சண்டை வீடு வரைக்கும் போனது. மாற்றியவர் ஃபோனை எடுக்கவே இல்லை. கடைசியில் திட்டு வாங்கியது அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்.

எப்போதும் அவர்கள்தானே வாங்குகிறார்கள்? கடைக்குக் கடை, மில்லுக்கு மில், கணக்கு எழுதும் பெண்கள். சம்பளம் உயராது, பெயர் எங்கேயும் வராது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் பாக்கிப் பட்டியல் வேண்டும் என்றால் மட்டும் அவர்கள் ஞாபகம் வரும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு வியாபாரத்தின் கணக்கு பிசகாமல் இருந்தது என்றால் அது சாஃப்ட்வேரால் மட்டும் நடந்ததா? தினமும் கடை சாத்தும் முன் காப்பி எடுத்து வைத்தது யார்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். “வயசாயிடுச்சு, கத்துக்க முடியல போலிருக்கு” என்று ஒரு பெரிய மனிதர் சொன்னாராம். கற்றுக்கொள்ள முடியாதவரா யார் துணையும் இல்லாமல் அத்தனை டேபிளையும் கட்டினார்? இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். படித்தவர், திறமைசாலி, மெஷின் விஷயத்தில் கெட்டிக்காரர் என்று எனக்கும் தெரியும். நாளைக்கே அந்த ஃபைலை 2010-இல் மாற்றி எடுத்தாலும் வேலை முடிந்துவிடாது. தேதி தேர்ந்தெடுக்க ஃபார்மில் இருக்கும் காலண்டர் 2010-இலிருந்தே ஆக்சஸில் இல்லை, அந்த இடத்தில் வேறு வைக்க வேண்டும். நீங்கள் போட்டிருப்பது 64 பிட் ஆபீஸ், அக்காவின் ஃபைல் 32 பிட் காலத்தது. அக்கா கோடில் விண்டோஸை நேரடியாகக் கூப்பிடும் வரிகள் இருக்கின்றன, அவற்றைத் திருத்தாமல் ஓடாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில், முன்கூட்டியே கட்டம் அச்சடித்து வைத்த பில் தாளுக்குள் ஒவ்வொரு எண்ணும் அதனதன் கட்டத்தில் விழ வேண்டும். அதைச் சரிசெய்ய அக்கா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அவரைச் சிரித்து அனுப்பிவிட்டு யாரை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?

முதலாளியிடம் இன்று பேசிவிட்டேன். பழைய மெஷினின் ஹார்டு டிஸ்க்கை யாரும் தொடக் கூடாது, ஃபார்மேட் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஃபைலோடு ஆளுக்கு ஆள் பூட்டு விவரம் வைத்திருக்கும் எம்டிடபிள்யூ ஃபைலையும் சேர்த்து இரண்டு இடத்தில் காப்பி எடுக்கச் சொன்னேன். பழைய மெஷின் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது, நாளைக்கு பில் அதில்தான் அடிக்கும். புது வருடக் கணக்கு ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கும்போது மாற்றலாம், முதல் மாதம் இரண்டிலும் சேர்த்து எழுதி ஒப்பிடலாம் என்று அக்கா போன வருடமே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தத் திட்டப்படிதான் நடக்கப் போகிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்று அக்கா சொல்வார், நான் செய்வேன், தம்பி வந்தால் தம்பியும் செய்யலாம். என் கூலிக்கு பில் கொடுப்பேன். அக்காவின் கூடுதல் வேலைக்கும் தனியாகப் பணம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.